மாஸ்ரரின் விசுவாசத்தை வெட்டாதீர்கள்: நினைவு மலர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நினைவு மலர்க் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காலமான எங்கள் கணித மாஸ்ரரைப் பற்றி நினைவு மலருக்கு நான் எழுதித் தந்த கட்டுரை திரும்பி வந்திருக்கிறது, "சமய விடயங்களைத் தவிர்க்கவும், ஆசிரியப் பணியை மட்டும் எழுதினால் போதும்" என்ற குறிப்போடு. கூடவே மலரின் முன்னுரை வரைபும் வந்தது. அதன் தலைப்பு "மதங்கள் கடந்த மாமனிதர்". உங்கள் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. மலருக்காக வெயிலில் அலைகிறவர்கள் நீங்கள். அவர்மேல் உங்களுக்குள்ள அன்பை நான் அறிவேன். ஆனால் அந்த வரைபில் இருக்கிற மனிதரை எனக்குத் தெரியாது. மாஸ்ரர் எந்த மதத்தையும் கடக்கவில்லை. கிறிஸ்தவம் என்ற ஒரு மதத்துக்குள்ளே, அதன் நட்டநடுவில், பிடிவாதமாக நின்றவர். அதைச் சொல்லாமல் அவருடைய பணியைச் சொல்ல முடியாது என்பதுதான் என் வழக்கு.

இதை உங்களுக்குத் தனியே எழுதியிருக்கலாம். மலருக்குக் காசு அனுப்பியவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். தங்கள் காசில் எந்த மாஸ்ரர் அச்சாகப் போகிறார் என்று அவர்களும் அறியவேண்டும் என்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். வரைபின் இரண்டாம் பந்தியில், "வாணி விழாவில் நெற்றி நிறைய நீறணிந்து எங்களில் ஒருவராய் நின்றவர்" என்று இருக்கிறது. நிற்கவில்லை. விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் கதிரை அடுக்கியவர் அவர். வாழையிலை வெட்டக் கத்தியோடு பின்வளவுக்குப் போனவர் அவர். அவல் கடலை சின்ன வகுப்புகளுக்குக் காணாமல் போய்விடும் என்று கூச்சல் போட்டவரும் அவர்தான். ஆனால் திருநீற்றுத் தட்டு வரும்போது இரண்டு கையையும் கூப்பிவிட்டு ஒதுங்கி நிற்பார். ஒருமுறை, புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், "சும்மா ஒரு மரியாதைக்குப் பூசுங்கோவன் மாஸ்ரர்" என்று கேட்டுவிட்டார். "சும்மா பூசுற சாமானோ அது? உங்களுக்கு அது சும்மாவெண்டாச் சொல்லுங்கோ, இப்பவே பூசுறன்" என்றார் மாஸ்ரர். கேட்டவர் வாயடைத்துப் போனார். பக்கத்தில் நின்ற நாங்கள், நெற்றியில் இருந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டோம்.

இப்படிப்பட்டவரை நீறு பூசவைத்துத்தான் பெரியவராக்க வேண்டுமா?

"எல்லா மதமும் ஒண்டுதானே" என்று யாராவது தொடங்கினால் அவருக்குப் பத்திக்கொண்டு வரும். "இரண்டையும் படிச்சுப் பாத்தோ சொல்லுறாய்?" என்பார். அவர் படித்திருந்தார். வட்டுக்கோட்டை வீட்டு அலுமாரியில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் தேவாரமும் சிவஞானசித்தியாரும் இருந்தன. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன், கிருபையைப் பற்றி இரண்டு சமயங்களும் சொல்வதை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதிய நூலொன்று உண்டு. மாஸ்ரரின் பிரதி கட்டு விட்டு, ஏடு ஏடாகக் கழன்று, சணல் நூலால் கட்டப்பட்டிருந்தது. ஒப்பிடுகிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும் என்பது அவர் கட்சி. அருள் என்று நீங்களும் சொல்லுறியள், கிருபை எண்டு நாங்களும் சொல்லுறம், கிட்டப் போய்ப் பாத்தா ரெண்டு வீட்டிலையும் அடுப்பு வேறை வேறை இடத்தில இருக்கு என்பார்.

இது யாழ்ப்பாணத்துக்குப் புதிதும் அல்ல. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையில் படித்தவர், அங்கேயே படிப்பித்தவர். வேதாகமத்தைத் தமிழாக்கும் வேலையில் பேர்சிவலுக்குத் துணை நின்றார். அவர் கிறிஸ்தவராகவும் இல்லை, பேர்சிவல் சைவராகவும் இல்லை. 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் திறந்து, மிசனரிமாரோடு அச்சில் மல்லுக்கட்டினார். சி. வை. தாமோதரம்பிள்ளை 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர். கிறிஸ்தவத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியவர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துத் தந்தவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஹண்டி பேரின்பநாயகம் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தார். எங்கள் ஊரின் படிப்பு, "எல்லாம் ஒன்று" என்று சொல்லிச் சமாளித்தவர்களால் வந்ததல்ல. ஒரே மேசையில் இருந்து வேலை செய்துகொண்டே முகத்துக்கு நேரே மாறுபட்டவர்களால் வந்தது. மாஸ்ரர் அந்த வரிசையில் வந்த ஆள். மானிப்பாயில் அமெரிக்க மிசனரி டொக்டர் கிறீன் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்ததைச் சொல்லிச் சொல்லித்தான், பிரயோக கணிதத்தை எங்களுக்கு நல்ல தமிழில் ஓட்டினார். அதை உங்கள் வரைபும் பாராட்டுகிறது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டது.

இனி, நீங்கள் சிவப்புக் கோடு போட்ட பகுதிக்கு வருகிறேன்.

இராணுவம் நெருங்க வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவை உங்களில் மூத்தவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. மழை, நாவற்குழிப் பாலம், ஆளோடு ஆள் முட்டிக்கொண்டு நகர்ந்த சனம். வலிகாமமே தென்மராட்சிக்குள் போய் இறங்கியது. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு தென்னங்காணியில் மாஸ்ரர் வகுப்புத் தொடங்கினார். கரும்பலகை இல்லை, யாரோ வீட்டுக் கதவொன்றைக் கழற்றிக் கரி பூசினோம். உங்கள் வரைபில் இந்தக் கதவு இருக்கிறது, நல்லது. வரவுக்குப் பெயர் கூப்பிடுகிற இடாப்பு அதில் இல்லை.

பாடசாலை இடாப்பு யாழ்ப்பாணத்திலேயே விடுபட்டுப் போயிற்று. மாஸ்ரர் ஒரு சீ.ஆர். கொப்பியில் எங்கள் வகுப்புப் பெயர்களை நினைவிலிருந்து எழுதினார். முதல்நாள் வந்தவர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவோம். அவரோ முழுப் பெயரையும் கூப்பிட்டார். ஆள் இல்லாத பெயர் வரும்போது நிறுத்தி, "எங்கை?" என்று கேட்பார். தெரிந்தவர்கள் சொல்வோம். கிளிநொச்சி, மல்லாவி, மிருசுவில் என்று பெயருக்கு நேரே எழுதுவார். இயக்கத்துக்குப் போனவர்களுக்கு ஒரு புள்ளி மட்டும். ஒருவருக்கும் தெரியாதவர்களுக்கு "தெரியாது" என்று எழுதி, பின்னேரங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் தங்கியிருந்த சனத்துக்குள் விசாரித்துத் திரிவார். சிலரைக் கண்டும் பிடித்தார். அடுத்த நாள் காலையில் திரும்பவும் முழு இடாப்பு. எங்களுக்கு அது அலுப்பாக இருந்தது, உண்மையைச் சொன்னால் பயமாகவும் இருந்தது. ஒருத்தன் கேட்டேவிட்டான்: "இல்லாத ஆக்களை ஏன் மாஸ்ரர் ஒவ்வொரு நாளும் கூப்பிடுறியள்?"

அவர் கணக்கை நிறுத்திவிட்டு ஆதியாகமம் சொன்னார். பாடசாலை நேரத்தில் அவர் வேதம் பேசிய சந்தர்ப்பங்கள் குறைவு, அது ஒன்று. வேதாகமத்தில் கடவுள் மனிதனிடம் கேட்கிற முதல் கேள்வி "நீ எங்கே இருக்கிறாய்". அடுத்த அதிகாரத்தில் காயீனிடம் கேட்கிறார்: "உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே?" அவன் சொல்லுகிறான், "நான் அறியேன். என் சகோதரனுக்கு நான் காவலாளியோ?" மாஸ்ரர் சொன்னார்: "வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் எண்டு நீங்கள் எல்லாரும் என்னைக் கேக்கிறியள். அர்த்தம் நாங்கள் தேடிப் பிடிக்கிற சாமான் இல்லையடாப்பா. எங்களிட்டை ஒரு கேள்வி கேட்டிருக்கு, அதுக்கு நாங்கள் மறுமொழி சொல்லவேணும். அவன் எங்கை எண்டு கேட்டா, தெரியாது எண்டு சொல்லிப்போட்டு இருக்கேலாது. தேடவேணும். நான் காவலாளிதான்."

அந்த வகுப்பில் கிறிஸ்தவப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

மறு வருசம் சனம் வலிகாமத்துக்குத் திரும்பியது. 1996இல் நூற்றுக்கணக்கானவர்கள் பிடிபட்டுக் காணாமற் போனார்கள். கொப்பியில் "தெரியாது" கூடியது. எங்கள் வகுப்பு உயர்தரம் எழுதி முடித்துப் பிரிந்த பின்னும் மாஸ்ரர் அதை மூடவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமற் போனவர்களின் தாய்மார் கந்தசுவாமி கோயிலடியில் படங்களோடு குந்தியபோது, தள்ளாத வயதில் பஸ் ஏறிப்போய் அவர்களோடு இருந்துவிட்டு வந்தார். பேச்சு ஒன்றும் பேசவில்லை. கொப்பியைக் கொண்டுபோயிருந்தார்.

இதைத்தான் "சமய விடயம்" என்று வெட்டச் சொல்கிறீர்கள். "மாணவர்மேல் அளவற்ற பாசம் கொண்டவர்" என்று மாற்றலாமாம். பாசம் உள்ள ஆசிரியர்கள் எங்களுக்கு நிறையப் பேர் இருந்தார்கள். செத்துப்போனதாக ஊரே முடிவுகட்டிய பிள்ளையின் பெயரை வருசக் கணக்காகக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான். அது பாசத்தால் மட்டும் ஆகிற காரியமா? நான் அவரிடம் நேரே கேட்டேன். அவர் உயிர்த்தெழுதலைச் சொன்னார். அலங்காரமாக அல்ல. "செத்த பிள்ளையளை நான் திரும்பக் காண்பன். உடம்போடை காண்பன். அவையின்ரை பேரை மறந்துபோய் நிக்க எனக்கு ஏலாது." கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனத்தையும் சொல்லி, "அது பொய்யெண்டா என்ரை சீவியமும் விருதா, அதையும் ஒப்புக்கொள்ளுறன்" என்றார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நான் சைவன், செத்தவர் வேறு பிறவி எடுப்பார் என்றுதான் வீட்டில் சொல்லித் தந்தார்கள். ஆனால் அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் அந்தக் கொப்பிக்கு விளக்கம் கிடையாது. விளக்கம் இல்லாத கொப்பியோடு ஒரு மனிதரை அச்சிட்டால் வாசிக்கிறவன் அவரைப் பைத்தியம் என்று நினைப்பான்.

வினையைப் பற்றி நானும் அவரும் பட்ட தர்க்கத்தையும் வெட்டியிருக்கிறீர்கள். "சைவ நிந்தனையாகப் படலாம்" என்று குறிப்பு. திரும்ப ஒருமுறை வாசியுங்கள். எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு ஷெல் பட்டு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. ஆஸ்பத்திரியில் அவனுடைய பெரியம்மா அழுதழுது, "என்ன பாவம் செய்து பிறந்தானோ" என்று சொல்லிக்கொண்டிருந்தா. பெடியன் கேட்டுக்கொண்டு கிடந்தான். மாஸ்ரர் சட்டைப் பையிலிருந்த புதிய ஏற்பாட்டை எடுத்து, யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைப் பற்றிய இடத்தை வாசித்தார்: "இது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." வசனத்தின் மீதியை, தேவனுடைய கிரியைகள் வெளிப்படும்பொருட்டு என்ற பகுதியை, வாசிக்கவில்லை. வெளியே வந்ததும் ஏன் பாதியில் விட்டீர்கள் என்று கேட்டேன். "அந்தப் பாதி எனக்கே இன்னும் விளங்கேல்லை. விளங்காததைக் காலில்லாதவனுக்கு வாசிக்கக் கூடாது" என்றார்.

நான் விடவில்லை. எங்கள் சமயம் வினை என்றுதானே சொல்லுது என்றேன். "உன்ரை வினையைப் பற்றி நீ யோசி, அது நல்லது. அவன்ரை வினைக்குக் கணக்குப் பாக்கிற உத்தியோகத்தை உன்ரை சமயம் உனக்குத் தந்ததோ?" எங்கள் கோயிலடியில் சித்தாந்தம் சொல்லித் தந்த பண்டிதரிடம் போய் இதைக் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வேதக்காரன் சரியாத்தான் சொல்லியிருக்கிறான்" என்றார். இதில் நிந்தனை எங்கே இருக்கிறது? அந்தத் தோழனை ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பூட்டும்வரை சைக்கிள் கரியரில் ஏற்றி ரியூசனுக்குக் கொண்டுவந்தவரும் மாஸ்ரர்தான்.

ரியூசன் என்றதும் ஞாபகம் வருகிறது: "பணம் வாங்காமல் கற்பித்தவர்" என்ற வசனத்தையும் எடுத்துவிடுங்கள். வாங்கினார். மாத முதற்கிழமையில் கறாராக வாங்கினார். "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான், லூக்கா பத்து ஏழு" என்று சொல்லிக் கையை நீட்டுவார். வசதியில்லாதவன் வசதியில்லை என்று சொன்னால் மறுபேச்சு இல்லை. பொய் சொல்கிறவனுக்கு டஸ்டர் பறக்கும்.

அவருடைய விசுவாசம் ஆட்டங்காணாத கற்பாறை என்று எழுதவும் நான் விடமாட்டேன். 1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் சின்னக்கதிர்காம முருகன் கோயிலடியிலும் குண்டு விழுந்து, அங்கே ஒதுங்கியிருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த ஞாயிறு அவருடைய சபையில் பிரசங்கம் அவர் முறை. 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். சங்கீதங்களில் பெரும்பாலானவை எங்கேயோ ஓரிடத்தில் வெளிச்சத்துக்குத் திரும்பும். இது திரும்பாது, இருளிலேயே நின்றுவிடும். வாசித்து முடித்துவிட்டு, பிரசங்கம் இல்லாமல் வந்து வாங்கில் இருந்துவிட்டார். சபையில் சிலருக்குக் கோபம். விசுவாசக் குறைவு என்று பேச்சு அடிபட்டது. "கடவுளோடை கோவிக்கிறதும் ஜெபந்தான். கோவிக்க ஆளில்லை எண்டு முடிவெடுத்தாத்தான் பிரச்சினை" என்று என்னிடம் சொன்னார். அந்த வருசம் முழுக்க அவர் கோபமாகத்தான் இருந்தார்.

இப்போது நீங்கள் மிகவும் தயங்குகிற இடம். அவர் எங்களை மதம் மாற்ற நினைத்தாரா? மலர் சைவப் பிள்ளைகளின் கைக்குப் போகும், ஊரில் மதமாற்றப் பேச்சுச் சூடாக இருக்கிற காலம் என்று செயலாளர் தொலைபேசியில் சொன்னார். நியாயமான கவலை. அதனால்தான் மறைக்கக்கூடாது என்கிறேன். இந்தக் கேள்வியையும் நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். "நீ கிறிஸ்துவை அறியவேணும் எண்டு எனக்கு ஆசைதான். இல்லையெண்டு சொன்னாப் பொய். ஆனா நான் உன்ரை வாத்தியார். மார்க் போடுற கை என்ரை. இந்தக் கையாலை அதைக் கேட்டா அது அழைப்பில்லை, அதிகாரம்." கேட்கவேயில்லை, கடைசிவரை. 2009க்குப் பிறகு முகாமிலிருந்து வந்த சனத்துக்கு அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரமும் கொண்டுபோன இளம் ஊழியர்களைத் தன் வீட்டு விறாந்தையில் வைத்து அவர் ஏசியதைப் பக்கத்துவீட்டுக்காரரே கேட்டிருக்கிறார்கள். மதமாற்றத்துக்குப் பயப்படுகிற பெற்றோர் ஒருவர் இதை வாசித்தால் பயம் கூடுமா குறையுமா என்று நீங்களே யோசியுங்கள்.

அவருடைய சபையாருக்கும் இந்தக் கடிதம் போய்ச் சேரும், அவர்கள் இதில் சந்தோசப்படவும் கூடும். அவர்களுக்கு ஒரு சொல்: தேவாலயத்துக்குள்ளும் சாதி இருந்ததை, ஞானஸ்நானம் பெற்ற பிறகும் சம்பந்தம் பேசும்போது குலம் விசாரித்ததை அவர் மேடையில் நின்று சொல்லியிருக்கிறார். 1930ஐ அண்டிப் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வந்தபோது பாடசாலைகள் எரிந்த கதையைச் சொல்லி, "எரிச்சதிலை எங்கடை ஆக்கள் இல்லையெண்டு நெஞ்சிலை கைவைச்சுச் சொல்லுவமோ?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பகுதியும் என் கட்டுரையில் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் போடவேண்டும்.

குடும்பத்தினர் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவுப் புத்தகமான கல்வெட்டில் சங்கீதமும் பாமாலையும் இருக்கின்றன. சமயம் அங்கே வந்துவிட்டது, இங்கே எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். கல்வெட்டு உறவுக்காரருக்கு. மலர் அவரிடம் படித்தவர்களுக்கும், இனி அந்த வகுப்பறைகளில் இருக்கப்போகிறவர்களுக்கும்.

நான் கேட்பது இவ்வளவுதான். முன்னுரைத் தலைப்பை மாற்றுங்கள். அவர் பெயர் மட்டும் போதும். நீறும் இலவச ரியூசனும் வருகிற வசனங்களை எடுங்கள். என் கட்டுரையை வெட்டாமல் போடுங்கள். இடம் காணாதென்றால் என் படத்தையும் பட்டங்களையும் தூக்கிவிடலாம், ஒரு மனவருத்தமும் இல்லை. முழுதாகப் போடுவதில்லை என்று குழு முடிவெடுத்தால் திருப்பித் தந்துவிடுங்கள், பாதியாகப் போடவேண்டாம்.

இடாப்புக் கொப்பி இப்போது அவருடைய மகளிடம் இருக்கிறது. இரண்டு பக்கத்தை மலரில் சேர்க்க அவ சம்மதம் சொல்லியிருக்கிறா. பெயர்கள் வெளியே தெரிவதால் அந்தந்தக் குடும்பங்களிடம் முதலில் கேட்கவேண்டும் என்பது அவவின் நிபந்தனை, எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. யாழ்ப்பாணத்துக்குள் இருக்கிற குடும்பங்களிடம் நான் போய்க் கேட்கிறேன். வன்னியில் இருப்பவர்களுக்கு உங்களில் யாராவது பொறுப்பெடுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கிற திகதியை எனக்கு அறியத் தந்தால் அதற்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
அவரிடம் கணிதம் படித்த பழைய மாணவன்,
கொக்குவில்.